அக்காவின் கார்டில் சிவப்பு மை

எங்கள் டாக்டருக்கு ஊருக்குள் ஒரு பட்டப்பெயர் இருந்தது. வெறுங்கை டாக்டர். பல்லைப் பிடுங்கிவிட்டு, ஒரு பஞ்சு உருண்டையைக் கடிக்கக் கொடுத்து, வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறார் என்று அதற்கு அர்த்தம். எதிர்ச் சாரியில் இன்னொரு பல் க்ளினிக் இருந்தது. அங்கே யார் போனாலும் பழுப்புக் காகிதப் பை நிறைய மாத்திரையோடுதான் வெளியே வருவார்கள். அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நடந்தால்தான் வைத்தியம் பார்த்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி எங்களிடமிருந்து அங்கே மாறியவர்கள் நிறையப் பேர். தையல்காரர் ஒருவர் என் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு, உள்ளே கேட்கட்டும் என்றே சத்தமாகக் கேட்டார்.

"ஏம்மா, மாத்திரை எழுதினா உங்க டாக்டருக்குக் கை சுளுக்கிக்குமா?"

உள்ளேயிருந்து டாக்டர் சிரிக்கிற சத்தம் வந்தது. அவர் அதற்கெல்லாம் கோபப்படமாட்டார். பல்லுக்குள் சீழ் இருந்தால் அது வெளியே வர வழி செய்ய வேண்டும், மாத்திரை வழி செய்யாது, வழியை நான் செய்துவிட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொல்லுவார். கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்க முடியாமல் வருகிறவர்களுக்கு மட்டும் ஆன்டிபயாட்டிக் எழுதுவார். அதுவும் மூன்று நாளைக்கு. மூன்றாம் நாள் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

நான் அவரிடம் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். முதலில் கூட்டித் துடைக்கத்தான் சேர்ந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோன எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தைரியம் இருக்கவில்லை. ஆறு மாதம் போனபின், வாயில் ஊறுகிற எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிக்கச் சொன்னார். அப்புறம் கருவிகளைக் கிருமி போகக் கொதிபெட்டியில் வைத்து எடுக்கச் சொன்னார். அப்புறம் கார்டு எழுதச் சொன்னார்.

கார்டு என்பது ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தடித்த காகித அட்டை. பேர், வயது, சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, இருதயத்தில் கோளாறு உண்டா என்று வரிசையாகக் கேட்டு நீல மையில் எழுத வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி. எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? அதற்கு ஆமாம் என்றால், பதிலை மேல் மூலையில் சிவப்பு மையில் எழுத வேண்டும். அதற்கென்றே மேஜையில் ஒரு சிவப்புப் பேனா நூலில் கட்டித் தொங்கும். டாக்டர் கார்டைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான்.

மருந்து கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கிற சாம்பிள் மாத்திரைகளை வைக்க ஒரு அலமாரி இருந்தது. அதை அடுக்கச் சொன்னபோது, பச்சை அட்டைகளை ஒரு பக்கம், நீல அட்டைகளை ஒரு பக்கம் என்று பார்க்க அழகாக அடுக்கிவைத்தேன். டாக்டர் வந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் போய் ஐந்து பிளாஸ்டிக் டப்பா வாங்கிக்கொண்டு வந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல்லா அட்டைகளையும் கொட்டினார்.

"கம்பெனி மாறும், அட்டை கலர் மாறும், பேரும் மாறும். ஆனா எல்லாத்துக்கும் ஒரு குடும்பம் இருக்கு. நாம குடும்பத்தைத்தான் பார்க்கணும்" என்றார்.

முதல் டப்பா பென்சிலின் குடும்பம். அமாக்சிசிலின் என்று வேறு பேர் போட்டு வந்தாலும் அது இந்த வீட்டுப் பிள்ளைதான் என்றார். இந்த வீட்டில் ஒருத்தர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மற்றவர்களையும் உள்ளே அனுப்பக் கூடாது. இரண்டாவது டப்பா அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம், அவர்களை யோசித்துத்தான் அனுப்ப வேண்டும். மூன்றாவது டப்பாவில் இருப்பவை தனிக் குலம், பேர் எல்லாம் 'மைசின்' என்று முடியும். நான்காவது, காற்றுப் புகாத இடுக்கில் வாழும் கிருமிக்கானது. ஐந்தாவது டப்பாவில் ஒரே ஒரு மருந்துதான், கிளிண்டாமைசின். இதுவும் மைசின் என்றுதானே முடிகிறது என்று நான் கேட்டதற்கு அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அதான் பேரை வெச்சு நம்பக் கூடாதுங்கறேன். இது வேற ஆள். எலும்பு வரைக்கும் போய் வேலை செய்யும், கெட்டிக்காரன். ஆனா வயித்துல நமக்கு நல்லது பண்ற கிருமிங்க இருக்கே, அதுங்களையும் சேர்த்துத் துரத்திடும். காலியான வீட்டுல ஒரு ரவுடி வந்து உட்கார்ந்தான்னா உயிருக்கே ஆபத்து. வேற வழியே இல்லன்னாதான் இவன்."

ஐந்தாவது டப்பாவை அவர் அலமாரியின் உச்சித் தட்டில் வைத்தார். சட்டென்று கை போகக் கூடாது என்பதற்காக. அதை எடுக்க நான் ஸ்டூலில் ஏற வேண்டும். பதினாறு வருடத்தில் எத்தனை தடவை ஏறினேன் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

டாக்டருக்கு ஊசி போடுவதில் ஒரு பழக்கம் இருந்தது. மரப்பு மருந்துக் குப்பியை உள்ளங்கையில் பொத்தி வைத்துக் கொஞ்சம் சூடாக்குவார். பிறகு நோயாளியின் காதருகே குனிந்து, "ஒரு எறும்பு கடிக்கும், அவ்வளவுதான்" என்பார். எழுபது வயதுக்காரராக இருந்தாலும் எறும்புதான். அந்த எறும்பு எங்கிருந்து வந்தது என்று அவருடைய அக்கா வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அக்கா அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர். அம்மா படுத்த படுக்கையாகி, பிறகு இல்லாமலும் போனதால், தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தது அக்காதான். அச்சகத்தில் தாள் மடித்து, புத்தகம் கட்டுகிற வேலை. விரல் நுனியெல்லாம் தாள் அறுத்த கோடுகள் இருக்கும். தம்பி படித்து முடிக்கும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். தாமதமாகக் கல்யாணம் ஆகி, ஒரு மகள் பிறந்து, வீட்டுக்காரர் காலமாகி, மகளைக் கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்து, அச்சகத்துக்குப் பின்னால் மாடியில் ஓர் அறையில் தனியாக இருந்தார். வாரத்தில் ஒருநாள் க்ளினிக்குக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசுவார். நான் அதிகம் பேசாதவள் என்பதால் அவருக்கு என்னைப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

சின்ன வயதில் டாக்டருக்கு அடிக்கடி காய்ச்சல் வருமாம். ஊசி போட அக்காதான் தூக்கிக்கொண்டு போவாராம். "ஒரு எறும்பு கடிக்கும், அவ்வளவுதான். அக்காவுக்கெல்லாம் வலிக்கவே வலிக்காது, தெரியுமா? நீ அக்கா தம்பிதானே" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வாராம். இதைச் சொல்லும்போது டாக்டர் பக்கத்தில் நின்று வெட்கப்பட்டுக்கொண்டே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கும் ஒரு கார்டு இருந்தது. பல் சுத்தம் செய்ய ஒருமுறை டாக்டர் கட்டாயப்படுத்தி உட்காரவைத்தபோது நான்தான் எழுதினேன். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அக்கா உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் அங்கே கை கழுவிக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "பென்சிலின் எனக்கு ஆகாதும்மா. சின்ன வயசுலயே சொல்லிட்டாங்க" என்றார். உள்ளேயிருந்து டாக்டரும், ஆமாம், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எழுதிக்கொள் என்றார். சிவப்புப் பேனாவால் எழுதினேன். அடியில் இரண்டு கோடு போட்டேன். என்ன ஆனது என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

அதற்கு ஐந்து வருடம் கழித்து அக்காவின் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. மகளுக்கு முதல் பிரசவம். பன்னிரண்டு நாளில் அக்கா விமானம் ஏற வேண்டும். அறுபத்தைந்து வயதில் முதல் விமானம். குழந்தைக்கென்று மெல்லிய பருத்தியில் பதினொரு சட்டை தைத்து, விறைப்பு போக மூன்று தடவை துவைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். அந்தப் பல்லோடு அனுப்ப டாக்டருக்கு மனம் வரவில்லை.

ஒரு புதன்கிழமை காலை அக்கா செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார். டாக்டர் குப்பியைக் கையில் பொத்திக்கொண்டு, "எறும்புக்கா" என்றார்.

"என் எறும்பை என்கிட்டயே விடறியா? போடுடா, போடு" என்று அக்கா சிரித்தார்.

நான் உறிஞ்சுகுழாயோடு மறுபக்கம் நின்றேன். சிரிக்கிற அக்காவின் பாதங்கள் நாற்காலியின் நுனியில் தெரிந்தன. பத்து விரலும் உள்ளே சுருண்டு, நுனி வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகியிருந்தன. நான் பார்த்தேன். பார்த்ததை மனதில் எங்கோ வைத்தேன், அதற்கு மேல் நினைக்கவில்லை.

பல் முழுசாக, வேர் உடையாமல் வந்தது. ரத்தம் சீக்கிரம் நின்றது. வீக்கம் இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. வேறு யாராக இருந்தாலும் பஞ்சோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். டாக்டர் கை கழுவப் போனார். கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் நின்றார். கார்டின் மூலையைப் பார்த்தார்.

"அந்த அஞ்சாவது டப்பாவை எடும்மா."

கேள்வி என் தொண்டை வரை வந்தது. எதற்கு சார், ஒன்றும் இல்லையே என்று. நான் கேட்கவில்லை. கேட்டது போலவே அவர் பதில் சொன்னார். அக்கா தூரம் போகிறார், போன இடத்தில் ஏதாவது என்றால் யார் பார்ப்பார்கள், ஒரு பாதுகாப்புக்குத்தான் என்றார். 'ஒரு பாதுகாப்புக்கு' என்பது எதிர் க்ளினிக்கில் சொல்கிற வார்த்தை. அதைச் சொல்லிக் காட்டி அவரே எத்தனையோ நாள் சிரித்திருக்கிறார்.

நான் ஸ்டூலில் ஏறினேன். ஏழு நாளைக்கு, மூன்று வேளை. எண்ணிக் கவரில் போட்டதும் நான்தான். வாசலில் அக்கா அந்தக் கவரைத் தூக்கிக் காட்டினார். வாயில் பஞ்சு இருந்ததால் பேச்சு குழறியது.

"பார்த்தியா, வெறுங்கை டாக்டர் எனக்கு மட்டும் குடுத்துட்டான்."

ஆறாம் நாள் மத்தியானம் அக்கா போன் செய்தார். டாக்டர் ஒரு வேர் வைத்தியத்தின் நடுவில் இருந்தார். வயிறு கொஞ்சம் சரியில்லை, நாலைந்து தடவை போகிறது, மாத்திரையை நிறுத்திவிடட்டுமா என்று அக்கா கேட்டார். டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், வேலையில் இருப்பவனைத் தொந்தரவு செய்யாதே, பயந்துவிடுவான் என்றார். அப்போது நான் ஒன்று சொன்னேன். வருடக்கணக்காக எல்லோருக்கும் சொல்கிற வாக்கியம்தான் அது. மனப்பாடமாக வாயிலிருந்து வந்தது. "பாதியில நிறுத்தக் கூடாதுக்கா, முழுசா முடிச்சிடுங்க." அக்கா சரி என்றார். முழுசாக முடித்தார். கடையில் வயிற்றுப்போக்கை நிறுத்த ஒரு மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் அக்கா போனை எடுக்கவில்லை. டாக்டர் க்ளினிக்கைப் பாதியில் பூட்டிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அக்கா குளியலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. உதடு வெடித்திருந்தது. தம்பியைப் பார்த்ததும் முதலில் அவர் சொன்னது, "பெட்டியை அந்தப் பக்கம் நகர்த்தி வைடா, ஈரம் பட்டுடும்" என்பதுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் கேள்வி கேட்டார். நான் பக்கத்தில் அக்காவின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சமீபத்துல ஆன்டிபயாட்டிக் ஏதாவது சாப்பிட்டாங்களா?"

டாக்டர் மருந்தின் பேரைச் சொன்னார்.

"யாரு குடுத்தா?"

"நான். பல் டாக்டர். என் அக்கா."

"முகம் வீங்கியிருந்ததா? காய்ச்சலா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு சார்?"

 அந்தப் பெண் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். கடுமையாக எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. டாக்டர் எனக்கு அலமாரி முன்னால் உட்கார்ந்து சொன்ன அதே விஷயத்தைத்தான் அந்தப் பெண் எங்களுக்குத் திரும்பச் சொன்னார். நல்ல கிருமிகள் போய்விட்டன, கெட்டது ஒன்று பெருகி விஷம் கக்குகிறது, குடல் வீங்கிவிட்டது. டாக்டர் மாணவன் மாதிரி தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

வராந்தாவில் நான் போன் வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முழுசாக முடிக்கச் சொன்னது நான்தான் என்றேன்.  அவர் பெஞ்சில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது உன் வாக்கியம் இல்லம்மா. நான் சொல்லிக் குடுத்தது" என்றார். பிறகு, "ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், அக்காவுக்கு ஒரு சட்டம்னு வெச்சேன்" என்றார்.

மகள் தினமும் போன் செய்தாள். நிறைமாதக்காரியிடம் என்ன சொல்வது? சளிக் காய்ச்சல், அதனால் பயணத்தைத் தள்ளிவைத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். "எப்ப வருவாங்க மாமா? அம்மா வராம நான் ஆஸ்பத்திரிக்கே போகமாட்டேன்னு சொல்லுங்க" என்று அவள் போனில் சிணுங்கியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

பகலில் நான் அக்காவோடு இருந்தேன். ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் மத்தியானம் அக்கா கொஞ்சம் தெளிவாக இருந்தார். நர்ஸ் ரத்தம் எடுக்க வந்தார். அக்கா என் கையைப் பிடித்தார். அவ்வளவு பலம் அந்த உடம்பில் மிச்சம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. போர்வைக்கு வெளியே பாதம் தெரிந்தது. விரல்கள் சுருண்டிருந்தன. அன்று நாற்காலியில் பார்த்த அதே பாதம்.

நர்ஸ் போனதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்.

"ஊசின்னா எனக்கு உயிரே போயிடும். யாருக்கும் தெரியாது."

 அவரே மெதுவாகச் சொன்னார். எட்டு வயதில் தொண்டை வீங்கி, பென்சிலின் ஊசி போட மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம். கண்ணாடி ஊசியைக் கொதிக்கிற தண்ணீரிலிருந்து இடுக்கியால் எடுத்ததைப் பார்த்ததும் மயங்கி விழுந்துவிட்டாராம்.

"ஊசி என் மேல படவே இல்லம்மா. அதுக்குள்ள விழுந்துட்டேன். கம்பவுண்டர் பென்சிலின் இவளுக்கு ஆகாதுன்னுட்டார். அம்மா எல்லார்கிட்டயும் அதையே சொன்னாங்க. எனக்கும் வசதியாப் போச்சு, அப்புறம் யாரும் அந்த ஊசியைக் கொண்டு வரல. நீ கார்டு எழுதறப்ப உண்மையைச் சொல்லலாம்னுதான் இருந்தேன். அவன் உள்ளயே நின்னான். டாக்டரோட அக்கா ஊசிக்குப் பயந்தவன்னு சொல்லுவாங்களா?"

 அக்காவுக்கு அது ஒரு வேடிக்கைக் கதை. அந்தச் சிவப்பு வரிக்கும் தன் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் டாக்டரின் கை முதல் டப்பாவுக்குப் போயிருக்கும். அதுவும் தேவையில்லாததுதான். அதிலும் ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நான் அன்று ஸ்டூலில் ஏறியிருக்கமாட்டேன்.

"அவன்கிட்ட சொல்லிடாதே. எறும்பு எறும்புன்னு சொல்லி வளர்த்திருக்கேன்" என்றார் அக்கா.

சொல்லமாட்டேன் என்றேன். இரண்டு நாள் கழித்து, காலை பத்தரை மணிக்கு அக்கா இறந்துபோனார். பதினொரு நாள் கழித்துப் பேத்தி பிறந்தாள். பதினொரு சட்டையையும் டாக்டர் தபாலில் அனுப்பினார். பார்சல் கட்டும்போது ஒரு சட்டையின் ஓரத்தில் தண்ணீர்க் கறை இருந்தது. அதைத் தான் துவைத்து அனுப்புவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் கறையோடேயே கொண்டுவந்து மற்றவற்றுக்கு நடுவில் வைத்துக் கட்டச் சொன்னார்.

இறந்தவர்களின் கார்டை எடுத்து மேஜையின் அடி அறையில் வைப்பது என் வேலை. அக்காவின் கார்டை என்னால் எடுக்க முடியவில்லை. அது கார்டுப் பெட்டியில் மற்றவர்களோடேயே இருந்தது. வேறு கார்டு தேடும்போதெல்லாம் அந்த இரண்டு சிவப்புக் கோடு கண்ணில் படும்.

டாக்டர் இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். எறும்பைச் சொன்னார், பஞ்சைக் கொடுத்தார். வெளியே பார்க்க எல்லாம் பழையபடிதான். ஆனால் அவர் இப்போது யாருக்குமே மருந்து எழுதுவதில்லை என்பதை நான் கவனித்தேன். முன்பெல்லாம் வேண்டாததற்கு எழுதமாட்டார். இப்போது வேண்டியதற்கும் பேனா ஓடவில்லை. கன்னம் வீங்கி வந்த ஒரு பள்ளிக்கூட ஆயாவுக்குக் காகிதத்தை எடுத்துவைத்து, பேனாவை வைத்து, மறுபடி எடுத்து, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்புறம் இன்னொருவர். வெறுங்கை டாக்டருக்கு இப்போது கையே இல்லை என்று யாரோ சொன்னார்கள். அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் ஒவ்வொரு கார்டின் மூலையையும் பார்க்கும்போது எந்த மூலையைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சொன்னால் அவருக்கு மனப்பாரம் குறையுமா, கூடுமா என்றும் தெரியவில்லை. ஐந்து மாதம் சும்மா இருந்தேன். ஆனால் ஒன்று மட்டும் என்னையறியாமல் மாறிப்போயிருந்தது. கடைசிக் கேள்விக்கு யாராவது ஆமாம் என்றால், நான் சிவப்புப் பேனாவை உடனே எடுப்பதில்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன். எத்தனை வயதில், உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா, முகம் வீங்கியதா, வாந்தியா, யார் பார்த்தது, யார் சொன்னது. ஒருவரிடமும் அதிகம் பேசாத நான் இவ்வளவு கேட்கிறேனே என்று எனக்கே ஆச்சரியம். பதிலைக் கார்டின் பின்பக்கம் எழுதிவைத்தேன்.

ஒருநாள் காலை ஒரு லாரி டிரைவர் வந்தார். பெரிய உடம்பு. இடது கன்னம் கண் வரை வீங்கியிருந்தது. காய்ச்சல். வாய் இரண்டு விரல் அளவுதான் திறந்தது. மருந்துக் கேள்விக்கு, பென்சிலின் ஆகாது என்று பல்லைக் கடித்தபடி சொன்னார். என்ன ஆச்சு அண்ணா என்று கேட்டேன். ஒருமுறை மாத்திரை போட்டபோது இரண்டு நாள் வயிறு சரியில்லையாம். தடிப்பு இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. போன வருடம்கூடக் கால் புண்ணுக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டாராம், அந்த மாத்திரையின் பழைய அட்டையைப் பர்ஸில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பேர் வேறாக இருந்தது. ஆனால் முதல் டப்பாவின் பிள்ளைதான் அது.

எல்லாவற்றையும் எழுதி, அட்டையையும் சேர்த்துக் கார்டை உள்ளே கொடுத்தேன். டாக்டர் மூலையைப் பார்த்தார். சிவப்பு இல்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். எழுந்து என் மேஜைக்கு வந்தார். அவர் அப்படி வருவது வழக்கமில்லை.

"இதெல்லாம் கேக்கணும்னு உனக்கு யாரும்மா சொன்னா?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. நூலில் தொங்கிய சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா சொன்னாங்க சார்."

சொல்லிவிட்டேன். மருந்தகம், கொதிக்கிற தண்ணீர், இடுக்கி, மயக்கம், ஊசி படவே இல்லை என்பது, எல்லாம். நாற்காலியில் சுருண்டிருந்த விரல்களைச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலும் அதே மாதிரி இருந்ததைச் சொன்னேன். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். பென்சிலின் பற்றி, ஐந்தாவது டப்பா பற்றி அவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். தலையில் அடித்துக்கொள்வார் என்றுகூடப் பயந்தேன். அவர் அதில் எதையும் கேட்கவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"அக்காவுக்கு ஊசின்னா பயமா?"

"ஆமா சார்."

"என்னைத் தூக்கிட்டுப் போறப்ப எல்லாம்?"

நான் தலையாட்டினேன்.

அவர் வெளியே தெருவைப் பார்த்தார். எதிர் க்ளினிக்கிலிருந்து யாரோ பழுப்புப் பையோடு இறங்கிப் போனார்கள். உள்ளே டிரைவர் முனகும் சத்தம் கேட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, முகத்தைச் சட்டைக் கையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். டிரைவரின் கார்டில் அவரே எழுதினார். ஒவ்வாமை இல்லை. முதல் டப்பாவிலிருந்து மூன்று நாளைக்கு எடுத்துவைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் காலை வந்து முகத்தைக் காட்டச் சொல்லு, நடுவில் வயிறு சரியில்லை என்றால் நான் எந்த வேலையில் இருந்தாலும் என்னைக் கூப்பிடு என்றார். பிறகு சீழுக்கு வழி செய்ய உள்ளே போனார். நான் உறிஞ்சுகுழாயை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

குப்பியை உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு நின்றார். வழக்கத்தைவிட நேரமானது. எறும்பு வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

"ஊசின்னா பயமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"எனக்கா? நான் லாரி ஓட்டறவன் சார்" என்றார் டிரைவர், திறக்காத வாயால்.

டாக்டர் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, நாற்காலியின் நுனிக்குப் போய், குனிந்து அவருடைய பாதங்களைப் பார்த்தார். பிறகு ஊசியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் அவசரமில்ல" என்றார். "நான் இருக்கேன்."